மேலிருந்து ஒரு சிறு பொட்டலம்: சுற்றுப்பாதையிலிருந்து மாதிரிகளை மலிவாக இறக்குவது எப்படி?

2007 ஜனவரி 22, திங்கட்கிழமை. காலை 9 மணிக்கு, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த 550 கிலோ எடையுள்ள ஒரு கேப்சூல் (பொருளைப் பூமிக்குத் திரும்பக் கொண்டுவரும் சிறு கலம்), தான் போகும் திசைக்கு எதிராகத் தன் சிறு எஞ்சின்களை எரிக்கத் தொடங்கியது. 9:10-க்கு எரிப்பு முடிந்தது. 9:17-க்கு, காற்றை முட்டப்போகும் மூக்குப்பகுதி முன்னால் வரும்படி கேப்சூல் திரும்பிக்கொண்டது. 9:37-க்கு 100 கி.மீ. உயரத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தபோது அதன் வேகம் மணிக்கு 29,000 கி.மீ. ஐந்து கி.மீ. உயரத்துக்கு இறங்கி வந்தபோது நொடிக்கு 101 மீட்டர்தான். அப்புறம் பாராசூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. 9:46-க்கு, ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில், வங்காள விரிகுடாவில் விழுந்து மிதந்தது. கடலோரக் காவல்படையின் 'சாரங்' கப்பல் போய் எடுத்துவந்தது.

இதுதான் இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ-1, அதாவது கேப்சூலைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனை. பன்னிரண்டு நாளுக்கு முன் பி.எஸ்.எல்.வி. சி-7 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-2 செயற்கைக்கோளுடன் சேர்ந்து மேலே போனது. உள்ளே ஒரு சிறு உலையில் உலோகக் கலவையை உருக்கி உறையவைக்கும் சோதனை ஒன்றும், எலும்பில் இருக்கும் தாதுவைப் போன்ற நுண்படிகங்களை வளர்க்கும் சோதனை ஒன்றும் நடந்தன. காற்றைத் தொட்டதிலிருந்து கடலைத் தொட்டதுவரை வெறும் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, கடலில் மிதக்கும் அந்தப் பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. செலவில் பெரும்பங்கு அந்த இரண்டாவது பாதியில்தான் போகிறது என்பது என் கணிப்பு. ஏன் என்று பார்ப்போம்.

எதற்காகக் கீழே கொண்டுவர வேண்டும்?

சுற்றுப்பாதையில் இருக்கும் பொருளுக்கு எடையே தெரியாது. அங்கே சூடான திரவம் மேலே எழாது, கனமான துகள் அடியில் படியாது. அதனால் படிகங்கள் நிதானமாக, குறை குறைவாக வளர வாய்ப்பு அதிகம். ஒரு புரதத்தின் வடிவம் தெரிந்தால் அதில் போய்ப் பொருந்தும் மருந்தை வடிவமைக்கலாம். அந்த வடிவத்தைக் காண நல்ல படிகம் வேண்டும். ஆனால் படிகத்தை எக்ஸ்ரே கற்றையில் வைத்துப் பார்க்கும் பெரிய கருவிகள் பூமியில் இருக்கின்றன. ஒரு கட்டடம் அளவுக் கருவியை மேலே அனுப்புவதா, ஒரு கைப்பிடிப் படிகத்தைக் கீழே கொண்டுவருவதா? பதில் தெளிவு.

படிக வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் கதை போதும். மருந்து சந்தைக்கு வந்து விற்பனையில் இருந்தபோது, 1998-ல், அதே மூலக்கூறு திடீரென்று வேறொரு படிக வடிவில் உறையத் தொடங்கியது. அந்தப் புது வடிவம் எளிதில் கரையாது. கரையாத மருந்து உடலில் சேராது. கேப்சூல் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்தது. நோயாளிகள் காத்திருந்தார்கள். வேதிப்பொருள் அதேதான், மூலக்கூறுகள் அடுக்கிக்கொண்ட விதம் மட்டும் மாறியது. இந்த ரிடோனாவிர் பின்னால் மறுபடியும் வரும், நினைவில் வையுங்கள்.

சரி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத்தான் கப்பல்கள் போய் வருகின்றனவே, அதில் கொடுத்தனுப்பினால் ஆகாதா? ஆகும். ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் சரக்குக் கப்பல் ஒரே நடையில் டன் கணக்கில் பொருளை இறக்கும். ஆனால் அது வருடத்துக்குச் சில தடவைதான் வருகிறது. 50 கிராம் படிகம் வைத்திருக்கும் ஆய்வகம் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். மனிதர்கள் இருக்கும் நிலையம் என்பதால் ஒவ்வொரு பொருளும் ஏகப்பட்ட பாதுகாப்புச் சோதனைகளைக் கடந்தாக வேண்டும். மாதம் ஒரு பேருந்து வரும் ஊரிலிருந்து காய்கறி அனுப்புவது போன்ற நிலைமை. சிறு வண்டிகள் அடிக்கடி ஓடினால்தான் வேலை நடக்கும். அந்தச் சிறு வண்டியை எப்படி மலிவாகச் செய்வது என்பதே கேள்வி.

உயரம் பிரச்சினை இல்லை, வேகம்தான்

விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து கோவைக்குச் சாலையில் போகும் தூரம்கூட இல்லை. ஆனால் அது நொடிக்கு 7.7 கி.மீ. ஓடுகிறது. அந்த 400 கி.மீ.யை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

இந்த வேகத்தில் ஒரு கிலோ பொருளுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 30 மெகாஜூல். எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. நம் வீட்டு 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வாயு முழுவதையும் எரித்தால் கிடைக்கும் வெப்பம், சுற்றுப்பாதையில் ஓடும் சுமார் 22 கிலோ பொருளின் வேகத்தில் அடங்கியிருக்கிறது. 22 கிலோ பெட்டி ஒன்று தரையில் வந்து அமைதியாக உட்கார வேண்டுமென்றால், ஒரு முழு சிலிண்டரின் வெப்பத்தைச் சில நிமிடங்களில் எங்கேயாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். 400 கி.மீ. உயரத்தால் வரும் ஆற்றல் இதில் எட்டில் ஒரு பங்குதான்.

இத்தனை வேகத்தையும் எஞ்சினை எதிர்த்திசையில் எரித்தே குறைப்பது என்றால், மேலே ஏற்ற எவ்வளவு பெரிய ராக்கெட் வேண்டியிருந்ததோ கிட்டத்தட்ட அதே அளவு ராக்கெட் இறக்கவும் வேண்டும். யாராலும் கட்டுப்படியாகாது. நல்லவேளையாகப் பூமியைச் சுற்றிக் காற்று இருக்கிறது. நம் வேலை, பொருளை அந்தக் காற்றின் மேல்விளிம்பில் கொண்டுபோய்த் தட்டிவிடுவது மட்டும். மிச்ச பிரேக்கைக் காற்றே பிடித்துக்கொள்ளும், காசு வாங்காமல்.

அதற்கு எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும்? 400 கி.மீ. உயரத்தில் இருக்கும்போது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைக் குறைத்தால், பூமியின் மறுபக்கம் போகும்போது பாதை சுமார் மூன்றரை கி.மீ. தாழும். நொடிக்கு 100 மீட்டர் குறைத்தால் பாதையின் அந்தப் பக்கம் அடர்ந்த காற்றுக்குள் முங்கிவிடும். மொத்த வேகத்தில் அது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான். 100 கிலோ கலத்துக்கு ஐந்து கிலோ அளவு எரிபொருள் போதும். முதல் தடவை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் மறுபடி சரிபார்த்தேன், அவ்வளவு குறைவாக இருந்தது.

வெப்பம்: மொட்டை மூக்கு, காகிதக் கப், ஓக் மரம்

காற்றில் உரசுவதால்தான் கேப்சூல் சூடாகிறது என்று பள்ளியில் சொல்லிக் கேட்டிருப்போம். உரசலின் பங்கு சிறிது. ஒலியைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக ஒரு பொருள் வரும்போது, எதிரே இருக்கும் காற்றுக்கு விலகிப்போக நேரமில்லை. அது நசுங்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதுவேதான், அளவு மட்டும் பல்லாயிரம் டிகிரி.

அப்படியானால் ஊசி மாதிரிக் கூர்மையாகச் செய்தால் காற்றைக் குத்திக்கொண்டு வந்துவிடலாமே என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். 1950-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஜூலியன் ஆலன் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலைகீழான பதிலைச் சொன்னார்: மொட்டையாகச் செய்யுங்கள். மொட்டை மூக்கு காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். கொதிக்கும் காற்று அலை கலத்தின் உடம்பை ஒட்டாமல் கொஞ்சம் விலகி நிற்கும். வெப்பத்தின் மிகப் பெரும்பகுதி காற்றோடு ஓடிப்போகும், கலத்துக்குள் வருவது சொற்பம். இன்றுவரை சுற்றுப்பாதையிலிருந்து வரும் கேப்சூல்கள் எல்லாம் அடிபருத்துத் தட்டையாக இருப்பதற்கு அவர் கண்டதுதான் காரணம்.

வருகிற அந்தச் சொற்பமும் உலோகத்தை உருக்கப் போதுமானது. அதற்குத்தான் வெப்பக் கவசம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பூச்சு இல்லாத காகிதக் கப்பில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடியுங்கள் (பிள்ளைகள் செய்தால் பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்). காகிதம் கறுக்கும், எரியாது. சுடர் தரும் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஆவியாக வெளியேற்றிவிடுகிறது. வெப்பக் கவசத்தில் தண்ணீருக்குப் பதிலாகப் பிசின் இருக்கும். கார்பன் இழைகளுக்கு நடுவே பிசின் ஊறவைத்த பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது பிசின் சிதைந்து வாயுவாகி வெளியே வழிகிறது. வெப்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது. எஞ்சும் கரி ஒரு போர்வையாக நிற்கிறது. கவசம் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. எஸ்.ஆர்.இ-1 கலத்தின் மூக்கில் இந்த வகைக் கவசம் இருந்தது. வெப்பம் குறைவாகப் படும் பக்கங்களில் சிலிக்கா ஓடுகள்.

கவசம் என்றால் விலையுயர்ந்த பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1970-களில் சீனா தன் படச்சுருள்களைத் திரும்பக் கொண்டுவந்த செயற்கைக்கோள்களில் பதப்படுத்திய ஓக் மரத்தைக் கவசமாக வைத்தது. மரம் எரிந்தால் கரியாகும், கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. வேலை நடந்தது. மலிவான தீர்வு என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மரம்தான்.

இன்னொரு வழியும் உண்டு. எடை குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் இருக்கும் பொருள், காற்று மிக மெலிதாக இருக்கும் உயரத்திலேயே வேகத்தை இழந்துவிடும். கல்லையும் இறகையும் மாடியிலிருந்து போட்டால் தெரியுமே, அந்த வித்தியாசம். மெல்லிய காற்றில் பிரேக் பிடித்தால் வெப்பம் அவ்வளவாகத் தாக்காது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2008-ல் சில செ.மீ. நீளமே உள்ள ஒரு காகித விமானத்தை, பதப்படுத்திய தாளில் மடித்து, ஒலியைப் போல ஏழு மடங்கு வேகக் காற்றில் பத்து நொடி வைத்துப் பார்த்தார்கள். 200 டிகிரி சூட்டில் அது கருகாமல் நின்றது. விண்வெளி நிலையத்திலிருந்து காகித விமானம் வீசுவது அவர்கள் கனவு. விளையாட்டுப் போலத் தோன்றினாலும், அடியில் உள்ள கணக்கு முழுக்க உண்மையானது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். சின்னதாகச் செய்தால் எல்லாமே சுலபமாகிவிடாது. மூக்கின் வளைவு சிறுத்தால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் வரும் வெப்பம் கூடும். கவசத்தின் தடிமனோ கலத்தோடு சேர்ந்து சுருங்காது. இரண்டு மீட்டர் அகலக் கலத்துக்கு இரண்டு செ.மீ. கவசம் பெரிய விஷயமில்லை. முப்பது செ.மீ. அகலத்தில் அதே இரண்டு செ.மீ. சுற்றிலும் போனால் உள்ளே என்ன மிஞ்சும்? தேங்காயைவிட எலுமிச்சையில் தோலின் பங்கு அதிகம் என்பது மாதிரி. அதனால் மலிவான கேப்சூலுக்கு ஒரு கீழ் எல்லை இருக்கிறது.

போகிற வண்டியில் தொற்றிக்கொள்வது

இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்கள் பலவும் திரும்பி வராது. குப்பையை ஏற்றிக்கொண்டு, எஞ்சினை எரித்து, காற்றில் விழுந்து சாம்பலாகும். கீழே வருவதற்கான தள்ளல் அங்கே எப்படியும் நடக்கிறது. சாகப்போகும் கப்பலில் ஒரு சின்னக் கேப்சூலைத் தொற்றவைத்து, எஞ்சின் எரிந்து முடிந்த பிறகு கழற்றிவிட்டால் போதும். கேப்சூலுக்குத் தனி எஞ்சின் வேண்டாம், எரிபொருள் தொட்டி வேண்டாம்.

சோவியத் யூனியன் 1990-ல் இதைத் தொடங்கியது. தங்கள் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போன புரோகிரஸ் கப்பல்களில் ராதுகா என்ற கேப்சூலை வைத்தார்கள். எடை சுமார் 350 கிலோ, அதில் 150 கிலோ வரை பொருள் வைக்கலாம். 1994 வரை பத்து முறை போனது, ஒன்று கிடைக்காமலே போயிற்று.

ஜப்பான் செய்தது இன்னும் நுணுக்கமானது. 2018 நவம்பர் 11 அன்று, கொனோதோரி-7 சரக்குக் கப்பல் எஞ்சினை எரித்து இறங்கத் தொடங்கிய பின், அதன் கதவுப்பக்கம் பொருத்தியிருந்த 180 கிலோ கேப்சூல் பிரிந்தது. 84 செ.மீ. அகலம்தான். உள்ளே புரதப் படிகங்கள். இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, நேராக விழும் கேப்சூலில் உடல் எடையைப் போல எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தம் வரும். வருடக்கணக்கில் திட்டமிட்டு வளர்த்த படிகம் நொறுங்கிவிடும். அதனால் சிறு வாயுப் பீச்சிகளால் கேப்சூலைத் திருப்பித் திருப்பி, காற்றின் மேல் கொஞ்சம் மிதந்து வரும்படி செய்தார்கள். அழுத்தம் நான்கு மடங்குக்குள் அடங்கியது.

இரண்டாவது, குளிர். படிகங்கள் நான்கு டிகிரி அளவில் நாட்கணக்கில் இருந்தாக வேண்டும். வெளியே கவசம் ஆயிரக்கணக்கான டிகிரியில் எரிந்துகொண்டு வருகிறது. குளிர்பதனப் பெட்டி வைக்க மின்சாரமும் இடமும் இல்லை. ஜப்பான் விண்வெளி முகமை யாரிடம் போனது தெரியுமா? டைகர் என்ற பிளாஸ்க் கம்பெனியிடம். நாம் காப்பி எடுத்துப்போகும் அதே வகை: இரண்டு அடுக்குத் துருப்பிடிக்காத எஃகு, நடுவே வெற்றிடம், உள்ளே குளிர்பொதி. மின்சாரமே இல்லாமல் நான்கு நாள் குளிர் காக்கும்படி அதைச் செய்து கொடுத்தார்கள். மினாமிதோரி என்ற சின்னத் தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்த கேப்சூலைக் கப்பல் எடுத்தது. தீவிலிருந்து விமானத்தில் ஏற்றினார்கள். இரண்டு நாளில் அந்தப் பிளாஸ்க் ஜப்பான் விண்வெளி முகமையின் சுகுபா மையத்தில் இருந்தது.

பிளாஸ்க் ஏன் இவ்வளவு முக்கியம்? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் கல் வெகுநேரம் சுடும். கவசமும் அப்படித்தான். கேப்சூல் தரையைத் தொட்ட பிறகும் கவசத்தில் ஏறிய சூடு உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். மாதிரிக்கு ஆபத்தான நேரம் பல சமயம் தீப்பிழம்பாய் வரும்போது வருவதில்லை, பாராசூட்டில் ஆடி இறங்கிய பிறகு வருகிறது. அதனால்தான் சில கேப்சூல்கள் இறங்கும் வழியிலேயே கவசத்தைக் கழற்றிப் போட்டுவிடும்.

துணியால் ஒரு பிரேக், கயிற்றால் ஓர் இறக்கம்

எஞ்சினே இல்லாமல் இறக்க முடியாதா? முடியும். 400 கி.மீ. உயரத்திலும் துளிக் காற்று உண்டு. நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் எக்ஸோ-பிரேக் என்ற ஒன்றைச் செய்தார்கள். சிலுவை வடிவில் ஒரு துணிப் பாராசூட், ஒரு ரொட்டிப் பெட்டி அளவுச் செயற்கைக்கோளின் பின்னால். 2013 நவம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து டெக்எட்சாட்-3 வெளியே தள்ளப்பட்டது. துணி விரிந்தது, மெல்லிய காற்று இழுத்தது, சில வாரங்களில் கலம் கீழே இறங்கிவந்து எரிந்தது. பின்னால் வந்தவற்றில் துணியைச் சுருக்கவும் விரிக்கவும் வழி வைத்தார்கள். நிலையத்தில் ஒரு விண்வெளி வீரர் ஆய்வுக் குப்பியைப் பெட்டியில் போட்டுத் தபால்போல வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது இதன் நீண்டகால இலக்கு.

காற்றடைத்து ஊதும் கவசமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2022 நவம்பர் 10 அன்று நாசா ஏவிய லாஃப்டிட், மடித்து வைத்திருந்து ஆறு மீட்டர் அகலத்துக்கு ஊதிப் பெருத்துச் சுற்றுப்பாதை வேகத்திலிருந்து பசிபிக் கடலில் வந்து இறங்கியது. இறகைப் போன்ற அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

கயிற்று வழி கேட்கவே அழகாக இருக்கும். கலத்திலிருந்து ஒரு நீளக் கயிற்றில் கேப்சூலைக் கீழே தொங்கவிடுகிறீர்கள். மேலே இருக்கும் கலத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது. ஆனால் அந்தத் தாழ்ந்த உயரத்தில் நிலைத்துச் சுற்றத் தேவையான வேகம் அதற்கு இல்லை. கயிற்றை விட்டால் விழும், எஞ்சின் இல்லை, எரிபொருள் இல்லை. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய மாணவர்கள் செய்த யெஸ்-2 இதைச் சோதித்தது. ரஷ்யாவின் ஃபோட்டான்-எம்3 கலத்திலிருந்து அரை மில்லிமீட்டர் பருமனுள்ள கயிற்றில் ஃபோட்டினோ என்ற ஆறு கிலோ அளவுக் கேப்சூலை இறக்கினார்கள். கயிற்றின் நீளம் 31.7 கி.மீ. பாதியில் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு தரவுகளைப் பார்த்தபோது கயிறு முழுக்க அவிழ்ந்திருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்களின் பல வருட உழைப்பு அது. ஃபோட்டினோ கிடைக்கவே இல்லை.

எங்கே விழுந்தது?

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். துணி பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் கொந்தளிக்கும் நாட்களில் மேல் காற்றுமண்டலம் சூடாகி உப்பும். அன்றைக்கு இழுப்பு அதிகம், அடுத்த வாரம் குறைவு. வாரக்கணக்கில் இறங்கும் ஒரு பொருள் எந்த நிமிடத்தில் நுழையும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். அரை மணி நேரம் தவறினால் இறங்கும் இடம் 13,000 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். கிட்டத்தட்டப் பூமியில் எங்கு வேண்டுமானாலும். எஞ்சினுக்காகச் செலவழிக்கும் ஐந்து கிலோ எரிபொருளின் அருமை இங்கேதான் தெரியும்: அது வேகத்தைக் குறைக்கிறது என்பதைவிட, குறிப்பிட்ட நொடியில் குறைக்கிறது என்பதற்காகவே அதை வாங்குகிறோம். அதிலும் பத்து நொடி தாமதமானால் 70 கி.மீ. விலகிப்போகும். எஸ்.ஆர்.இ-1 இறங்கியபோது பெங்களூருக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் துணையாக லக்னோ, மொரீஷியஸ், இந்தோனேசியாவின் பியாக், கனடாவின் சாஸ்கட்டூன், நார்வேயின் ஸ்வால்பார்ட் நிலையங்களும், கப்பலிலும் விமானத்திலும் ஆட்களும் காத்திருந்ததற்குக் காரணம் இதுவே.

தேடி எடுப்பதன் பதற்றம் இந்தத் துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1960 ஆகஸ்ட் 19-ல், அமெரிக்காவின் கொரோனா உளவுத் திட்டத்தில், டிஸ்கவரர்-14 அனுப்பிய படச்சுருள் கேப்சூலை, ஹவாய்க்கு அருகே பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சரக்கு விமானம் கொக்கிபோட்டுப் பிடித்தது. முதல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சிக்கியது. தவறிக் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தார்கள். கேப்சூலின் அடியில் ஒரு துளை, அதை அடைத்து உப்பில் செய்த ஒரு தக்கை. இரண்டு நாளுக்குள் தங்கள் ஆட்கள் எடுக்காவிட்டால் உப்பு கரையும், தண்ணீர் புகும், கேப்சூல் மூழ்கும், எதிரி கையில் சிக்காது.

பொருள் வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்றால் செலவு மடமடவென்று குறையும். 2011-ல் அமெரிக்காவின் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற ஆய்வு நிறுவனம் செய்த ஒரு சிறு பதிவுக் கருவி, எரிந்து சிதறும் ஜப்பானியச் சரக்குக் கப்பலுக்குள் இருந்து அளவுகளை எடுத்து, கடலில் விழுவதற்கு முன் செயற்கைக்கோள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. படிகத்தைத் தொலைபேசியில் அனுப்ப முடியாது என்பதுதான் சிக்கல்.

கடலைவிடத் தரை மலிவு. கப்பல் வேண்டாம், உப்புத் தண்ணீர் புகாது, ஜீப்பில் போய் எடுத்துவிடலாம். ஆனால் தரையில் மனிதர்கள் இருக்கிறார்கள். அதனால் இடமும் அனுமதியும் வேண்டும். வர்தா என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையில் இது கண்கூடு. பல பேரோடு பங்கு ராக்கெட்டில் ஏறிக்கொள்ளும் வசதியை ஸ்பேஸ்எக்ஸ் 2019-ல் அறிவித்தபோது விலை கிலோவுக்கு 5,000 டாலர் அளவில் வந்தது. சிறு நிறுவனங்களுக்கு மேலே போகும் வழி திறந்தது அப்போதுதான். 2023 ஜூன் 12-ல் வர்தாவின் டபிள்யூ-1 அப்படித்தான் போனது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலமுள்ள கேப்சூலுக்குள் ஒரு சிறு வேதியியல் கூடம். அங்கே வளர்த்த படிகம், நாம் முன்பு பார்த்த அதே ரிடோனாவிர்.

படிகம் சில வாரங்களில் தயார். கலமும் நலம். ஆனால் யூட்டா பாலைவனத்து ராணுவச் சோதனைக் களத்தில் இறங்க இடமும் உரிமமும் ஒரே சமயத்தில் கைகூடவில்லை. செப்டம்பரில் கேட்டதற்கு மறுப்பு வந்தது. புதிய விதிகளின்கீழ் இப்படியொரு மறுநுழைவு உரிமத்தை அதுவரை யாருமே வாங்கியிருக்கவில்லை. கேப்சூல் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2024 பிப்ரவரி 21-ல் யூட்டாவின் மணலில் இறங்கியது. போய் எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த கேப்சூலான டபிள்யூ-2-க்கு அவர்கள் வேறு இடம் பார்த்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் கூனிப்பா என்ற பழங்குடி ஊருக்கு அருகே ஒரு சோதனைக் களம் இருக்கிறது. சுற்றிலும் ஆளில்லாத புதர்நிலம், மேலே விமானப் போக்குவரத்தும் குறைவு. 2025 ஜனவரி நடுவில் ஏவப்பட்ட டபிள்யூ-2, பிப்ரவரி 28 அன்று அங்கே இறங்கியது. ஆறரை வாரம்.